லாரியில் வந்த வகுப்பறைகள்

பள்ளிக்கூடம் கட்டுவது என்றால் நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். கடைக்கால் தோண்டி, செங்கல் அடுக்கி, தளம் போட்டு, ஈரம் காய்ந்து, வெள்ளையடித்து முடிப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். சில சமயம் இரண்டு வருஷமும் ஆகும். ஆனால் பிள்ளைகள் அதுவரை காத்திருப்பார்களா? இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைக்கு இந்த வருஷமே உட்கார இடம் வேண்டும்.

இந்தச் சங்கடம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துக்கு 2014-ம் வருஷத்தை ஒட்டி ஏற்பட்டது. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. யூரோ நாணயம் வழங்கும் நாடுகளின் பெரிய வங்கிகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் 2014 நவம்பரில் அதனிடம் வந்து சேர்ந்தது. பல தேசத்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். இத்தகையவர்களின் குழந்தைகளுக்காக 2002-ல் ஏற்பட்ட ஐரோப்பியப் பள்ளியில் இடம் போதவில்லை. சுமார் 400 பேருக்கு உடனே வகுப்பறைகள் தேவைப்பட்டன.

இம்மாதிரி அவசரத்தில் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? மைதானத்தின் மூலையில் தகரக் கொட்டகைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவை வெயிலில் கொதிக்கும், மழையில் முழங்கும். 'தற்காலிகம்' என்று பெயர் சூட்டிய கொட்டகையில் அண்ணன் படித்துப் போன பிறகு தம்பியும் வந்து உட்காருவான். பிராங்க்பர்ட்டில் அப்படி நடக்கவில்லை. மரப் பெட்டிகளை அடுக்கியே மூன்று அடுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றை எழுப்பிவிட்டார்கள்!

98 பெட்டிகள்

இதற்குத் திட்டம் வகுத்தவர்கள் அந்நகரத்துக் கட்டடக் கலைஞர்களான என்.கே.பி.ஏ.கே. நிறுவனத்தார். பெட்டிகளைச் செய்து அனுப்பியது ஆஸ்திரியாவில் ராய்தே என்ற ஊரிலுள்ள காப்மன் தொழிற்சாலை. ஒவ்வொரு பெட்டியும் 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஏன் இந்த அளவு? லாரி சாலையில் சுலபமாகச் சுமந்து வரவேண்டுமே! மூன்று பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுச் சுவர் இல்லாமல் சேர்த்தால் விசாலமான வகுப்பறை ஒன்று தயார். சுவர் இல்லாத இடத்தில் மேல்மாடியின் பாரத்தை உத்தரங்கள் தாங்குகின்றன. பீச் மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, பசையிட்டு அழுத்திச் செய்த உத்தரங்கள் அவை.

தொழிற்சாலையில் பெட்டிகள் உருவாகும்போதே பள்ளி மனையில் அஸ்திவார வேலையும் நடக்கும் என்பதுதான் இந்த முறையின் ரகசியம். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை. பெட்டிகள் வந்ததும் கிரேன் தூக்கி அடுக்க வேண்டியதுதான் பாக்கி. 98 பெட்டிகள் கொண்ட அந்தக் கட்டடம் 2015-ல் பூர்த்தியாயிற்று.

நெடுக்கும் குறுக்கும்

மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். நாரின் போக்கில் அது அதிகம் அசைவதில்லை; குறுக்கேதான் சேஷ்டை செய்யும். ஆகவே ஒரு வரிசைப் பலகைகளை நெடுக்காகவும், அடுத்த வரிசையைக் குறுக்காகவும் வைத்துப் பசையிட்டு அழுத்துகிறார்கள். ஒன்றின் சேஷ்டையை மற்றொன்று அடக்கிவிடுகிறது! சுவர் முழுவதும் ஒரே பலகையாகக் கிடைக்கிறது. இம்முறையை ஆராய்ந்து வளர்த்தவர்களில் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹார்ட் ஷிக்ஹோபர் முக்கியமானவர். 2019-ல் அவருக்கு மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது.

தீப் பிடிக்காதா?

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. மரம் எரியும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கீற்று எரிவது வேறு, கனத்த மரம் எரிவது வேறு. கீற்று நொடியில் பற்றிப் பரவுகிறது. கனத்த மரத்திலோ மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகிறது. நிமிஷத்திற்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதம்தான் தீ உள்ளே போகும். அரை மணி நேரத்தில் சுமார் 2 சென்டிமீட்டர். அந்தக் கணக்கைப் போட்டு, அதற்கேற்ற கனத்தை முன்கூட்டியே கூட்டி வைக்கிறார்கள். அது மட்டும் போதாது. எந்த வகுப்பிலிருந்தும் குழந்தைகள் விரைந்து வெளியேற வழி இருக்க வேண்டும். கல் கட்டடமானாலும் மரக் கட்டடமானாலும் இந்த விதி ஒன்றே.

இம்முறையில் கஷ்டங்களும் உண்டு. செங்கல் சுவரில் பிறகு நினைத்தால் ஒரு ஜன்னலை இடித்து வைக்கலாம். இங்கே மின்சாரக் கம்பி போகும் துவாரம் வரையில் முதலிலேயே வரைந்தாக வேண்டும். தொழிற்சாலையில் வேலை ஆரம்பமான பிறகு மனம் மாறினால் பணமும் போச்சு, நாளும் போச்சு. மேல்மாடிப் பிள்ளைகளின் காலடி ஓசை கீழே கேட்காமலிருக்கத் தனி ஏற்பாடு தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்புகளில் நீர் கசியக்கூடாது. மரத்துக்குத் தீயைவிடத் தேங்கிய ஈரமே பழைய சத்துரு.

இடம் பெயரும் பள்ளி

ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரம் 1998 முதலே இத்தகைய மரக் கட்டடங்களைத் தன் பள்ளிகளுக்கு அருகில் நிறுவி வருகிறது. பிள்ளைகள் பெருகும் பேட்டையில் அவற்றை வைக்கிறார்கள். தேவை தீர்ந்தால் கழற்றி வேறு பள்ளிக்கு எடுத்துச் செல்லலாம். செங்கல் கட்டடத்தை இடித்தால் மிஞ்சுவது குப்பைதான். இங்கே வகுப்பறையே மிஞ்சுகிறது.

அவசரம் என்றால் அரைகுறை என்று நாம் பழகிவிட்டோம். ஒரு குழந்தைக்கு மூன்றாம் வகுப்பு ஒரே தடவைதான் வரும். அந்த வருஷத்தை அது கொட்டகையில் கழிக்க வேண்டியதில்லை என்பதை இந்த மரப் பெட்டிகள் காட்டியிருக்கின்றன.