பழைய கார்களில் பெட்ரோல் கசிவு

பெட்ரோல் எளிதில் ஆவியாகும் இயல்புடையது. பூஜ்யத்திற்குக் கீழ் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸிலேயே எரியத்தக்க ஆவி அதிலிருந்து எழுகின்றது. காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமான இவ்வாவி தரையை ஒட்டிப் பரவிப் பள்ளங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்திருப்பினும் சிறு பொறியால் தீப்பற்றும். ஆதலால் சொட்டுச் சொட்டாய் ஒழுகும் பெட்ரோலையும் அற்பமெனக் கருதலாகாது.

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாசிடர் முதலிய பழைய கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. கார்புரேட்டர் பொருத்திய இத்தகைய வண்டிகளில், தொட்டியிலுள்ள பெட்ரோலைப் பம்பு இழுத்துக் கார்புரேட்டருக்குச் செலுத்துகின்றது. வழியிலுள்ள ரப்பர் குழாய்கள் வெப்பத்தால் நாளடைவில் இறுகி வெடிப்புறுகின்றன. மேலும், 2023-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனாலைக் கருதாது செய்யப்பட்ட ரப்பர் உறுப்புகள் இதில் ஊறிப் பருத்துக் கெடக்கூடும்.

கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மீது விரைவில் உலர்ந்துவிடுவதால் ஈரம் காணப்படாமலிருக்கலாம். வாசனையே முதல் அறிகுறி. அஃது எழும் வேளை கசிவின் இடத்தையும் சுட்டும். பெட்ரோல் நிரப்பியவுடன் வாசனை எழுமாயின், தொட்டியின் வாய்க்குழாயையும் மேற்பகுதியையும் ஆராய்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் எழுமாயின், பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள குழாயை ஐயுறலாம். எஞ்சின் எண்ணெயின் அளவு தானே உயர்ந்து அதில் பெட்ரோல் வாசனை வீசுமாயின், பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம்.

சோதிக்குமுன் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஆறவிடுதல் வேண்டும். தீக்குச்சி, பீடி, சிகரெட் ஆகியவை அருகில் இருத்தலாகாது. டார்ச் விளக்கைத் தொலைவிலேயே ஏற்றிக்கொண்டு அணுகுதல் நலம். பாட்டரிக் கம்பியைக் கழற்றும்போது பொறி தோன்றலாம். ஆகவே வாசனை நன்கு அகன்றபின்னரே அதனைக் கழற்றுதல் வேண்டும்.

வெடித்த குழாயின்மேல் துணியோ நாடாவோ சுற்றுவது பயனற்றது. எத்தனால் கலவையைத் தாங்கும் எரிபொருட் குழாயையும் புதிய கிளிப்புகளையும் பொருத்துதல் வேண்டும். தொட்டியின் துளையைச் சோப்பால் அடைக்கும் வழக்கம் உண்டு, அது தற்காலிகமானதே. பெட்ரோல் வடிக்கப்பட்ட வெறுந்தொட்டியிலும் ஆவி நிறைந்திருக்குமாதலால், அதனை முறைப்படி தூய்மை செய்யாது பற்றவைப்பது பேராபத்தாகும்.

தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. எரியும் பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவும். உலர்ந்த மணலோ தூள்வகைத் தீயணைப்பானோ ஏற்றது. வாசனை தெரிந்த வண்டியைப் பழுது பார்க்கும்வரை ஓட்டாதிருத்தலே எல்லாவற்றினும் சிறந்த காப்பு.