உலாவி படிக்காத இலக்கணம்

ஏதாவது ஓர் இணையப்பக்கத்தை உலாவியில் திறந்து, அதன் மூல நிரலைப் பாருங்கள். உச்சியில் பெரும்பாலும் ஒரே மாதிரியான வரிதான் நிற்கும்: கோணக்குறி, ஆச்சரியக்குறி, ‘டாக்டைப்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ‘எச்டிஎம்எல்’, மூடும் கோணக்குறி. இடைவெளியையும் சேர்த்து ஆங்கிலத்தில் எண்ணினால் 15 எழுத்துகள். ஆவண வகை அறிவிப்பு என்பது இதன் முழுப்பெயர். நிரலாளர்களுக்கு இது வெறும் டாக்டைப். திரையில் இது தெரியாது. ஆனால் இதை அழித்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்தால், பெட்டிகளின் அகலம் மாறலாம். அட்டவணைக்குள் எழுத்தின் அளவு மாறலாம். சரியாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்கூட வேறு விடை தரலாம்.

இந்த வரி உலகளாவிய வலையைவிட மூத்தது. 1986-இல் ஐ.எஸ்.ஓ. 8879 என்ற எண்ணில் எஸ்.ஜி.எம்.எல். என்ற ஆவண மொழித் தரம் வெளியானது. ஒவ்வோர் ஆவணமும் தன் இலக்கணம் எது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இலக்கணம் டி.டி.டி. என்ற தனிக் கோப்பில் இருக்கும். எந்தக் குறிச்சொல்லுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று அது சொல்லும். 1995 நவம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதி வெளியிட்ட எச்.டி.எம்.எல். 2.0 இந்த மரபை ஏற்றுக்கொண்டது. 1999 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.01 வந்தபோது டாக்டைப் நீண்டு வளர்ந்திருந்தது. அதன் கடைசியில் டபிள்யூ3சி அமைப்பின் தளத்தில் இருக்கும் டி.டி.டி. கோப்பின் முகவரியும் சேர்ந்திருந்தது.

உலாவிகள் அந்தக் கோப்பைத் தேடிப் போகவில்லை. பத்திக்குள் அட்டவணை வரக்கூடாது என்று இலக்கணம் சொன்னாலும், கையில் கிடைத்த பக்கத்தை எப்படியாவது திரையில் காட்டிவிடுவதே அவற்றின் வேலையாக இருந்தது. டி.டி.டி.யைப் பொருட்படுத்தியவை, பக்கத்தில் பிழை பார்க்கும் வேலிடேட்டர் கருவிகள் மட்டும்தான். அப்படியிருந்தும் டாக்டைப் பிழைத்ததற்குக் காரணம், அதற்கு வேறொரு வேலை கிடைத்ததுதான்.

1990-களின் பிற்பாதியில், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழி வந்தது. அதை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒரு விதமாகப் புரிந்துகொண்டது, தரநூல் வேறு விதமாகச் சொன்னது. ஒரு பெட்டிக்கு 300 பிக்சல் அகலம், இரு பக்கமும் 20 பிக்சல் உள்ளிடைவெளி, 5 பிக்சல் கரை என்று வைத்துக்கொள்வோம். தரநூல்படி 300 என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும். இடைவெளியும் கரையும் சேர்ந்து பெட்டி மொத்தம் 350 பிக்சல். விண்டோஸில் ஓடிய எக்ஸ்புளோரர் 5-க்கோ மொத்தமே 300. உள்ளடக்கத்துக்கு மிஞ்சுவது 250. உலாவி செய்தது தவறு என்று திருத்திவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தவறை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் கலைந்துபோகும். திருத்தாமல் விட்டால், தரநூலை நம்பி எழுதுகிறவர் என்றைக்கும் திண்டாட வேண்டியதுதான்.

வழி 2000 மார்ச்சில் பிறந்தது, மேகிண்டாஷுக்கான எக்ஸ்புளோரர் 5-இல். அதன் டாஸ்மன் பொறியை உருவாக்கிய குழுவை நடத்தியவர் டான்டெக் செலிக். டாட் ஃபாரனர் முன்வைத்த யோசனையை அந்தக் குழு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பக்கத்தின் தலையில் முறையான டாக்டைப் இருந்தால், எழுதியவர் தரநூலை அறிந்தவர் என்று கொண்டு தரமுறையில் காட்டுவது. இல்லாவிட்டால் பழைய பிழைகளோடு, பழைய மாதிரியே காட்டுவது. இந்த இரண்டாவதற்கு ‘குவர்க்ஸ்’ முறை என்று பெயர். மொசில்லாவும் இதே பாதைக்கு வந்தது. 2001-இல் விண்டோஸுக்கு வந்த எக்ஸ்புளோரர் 6-ம் ஏற்றுக்கொண்டது. இலக்கணத்தைச் சுட்டப் பிறந்த வரி, இப்படித்தான் ஒரு சுவிட்ச் ஆனது.

இதை அழகற்ற ஒட்டுவேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இணையத்தில் எடுக்கப்பட்ட மிகப் பண்பான முடிவுகளில் ஒன்று என்பேன் நான். பழைய பக்கங்களைத் திருத்த ஆளில்லை. எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், நிறுவனம் மூடியிருக்கும். அவற்றைப் படிக்கும் உரிமையோ படிப்பவருக்கு இன்னும் இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தில் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையத்தளத்தின் முகப்புப் பக்கத்துக்கு டாக்டைப் கிடையாது. செர்ன் அதை மீட்டு வைத்திருக்கிறது. இன்றைய உலாவியிலும் அது குவர்க்ஸ் முறையில் திறக்கிறது, படிக்கவும் முடிகிறது.

எச்.டி.எம்.எல். 5-ஐ வகுத்தவர்கள் டி.டி.டி.யை விட்டுவிட்டார்கள். அன்று புழக்கத்தில் இருந்த உலாவிகளைத் தரமுறைக்குத் திருப்பப் போதுமான மிகச் சிறிய வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் இந்த 15 எழுத்து.

நிரல் எழுதுகிறவருக்கு இதில் கவனிக்க நிறைய உண்டு. பக்கம் எந்த முறையில் இருக்கிறது என்று ஜாவாஸ்கிரிப்டில் ‘டாக்குமெண்ட்.காம்பாட்மோட்’ சொல்லும்: ‘சிஎஸ்எஸ்1காம்பாட்’ என்றால் தரமுறை, ‘பேக்காம்பாட்’ என்றால் குவர்க்ஸ். ‘டாக்குமெண்ட்.டாக்டைப்’ அந்த வரியையே ஒரு பொருளாகத் தரும். வரி இல்லையென்றால் வெற்று மதிப்பு. புதிய டாக்டைப் ஒன்றை ஸ்கிரிப்ட் வழியாக உருவாக்கிப் பக்கத்தில் செருகவும் முடியும். ஆனால் முறை மாறாது. பக்கத்தைப் படிக்கத் தொடங்கும்போதே உலாவி அதைத் தீர்மானித்துவிடுகிறது.

அந்தத் தீர்மானம் கறாரானது. டாக்டைப்புக்கு முன்னால் வெற்றிடம் இருக்கலாம், கமெண்ட் இருக்கலாம். வேறு ஒரு சொல் வந்தாலும் பக்கம் குவர்க்ஸுக்குப் போய்விடும். பி.எச்.பி. நிரல் ஒன்று எச்சரிக்கைச் செய்தியைப் பக்கத்தின் தலையில் கொட்டிவிட்டால், செய்தியோடு சேர்ந்து வடிவமைப்பும் குலைவது இதனால்தான். இன்னொரு சிக்கல், வகுப்புப் பெயர்களில் இருக்கிறது. குவர்க்ஸ் முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. தரமுறையில் வேறு வேறு. பழைய பக்கத்துக்கு நல்லெண்ணத்தோடு டாக்டைப் சேர்த்தால், அதுவரை உறுப்புகளைக் கண்டுபிடித்துத் தந்த ஸ்கிரிப்ட் திடீரென்று வெறுங்கையோடு திரும்பக்கூடும்.

பக்கத்தைச் சேமிக்கும் கருவி எழுதுகிறவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. மூல உறுப்பின் ‘அவுட்டர்எச்டிஎம்எல்’ முழுப்பக்கத்தையும் தருவதுபோலத் தோன்றும். டாக்டைப் அதில் வராது. அதை ‘எக்ஸ்எம்எல்சீரியலைசர்’ கொண்டு தனியே எடுத்து முன்னால் ஒட்ட வேண்டும்.

தரவையும் ஆவணங்களையும் குறிச்சொற்களால் எழுதும் எக்ஸ்.எம்.எல். மொழியின் உலகில் கதையே வேறு. அங்கே டாக்டைப்பில் இருக்கும் முகவரியைப் பல நிரல்கள் மெய்யாகவே தேடிப் போகின்றன. ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும், ஒருமுறை எடுத்ததைச் சேமித்து வைக்காமல், அதே டி.டி.டி.யை மறுபடியும் இறக்குகின்றன. 2008 பிப்ரவரியில் டபிள்யூ3சி வெளிப்படையாகவே முறையிட்டது: ஒரு நாளைக்கு 13 கோடிக் கோரிக்கைகள் வரை அதன் சர்வர்களில் வந்து விழுந்தன. ஆண்டுக்கணக்கில் மாறாத கோப்புகளுக்காக இவ்வளவும்!

அதே வசதியைத் தாக்குதலுக்கும் திருப்பலாம். டாக்டைப்புக்குள் ‘என்டிட்டி’ எனப்படும் சுருக்கப்பெயர்களை வரையறுக்க முடியும். மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைப் பத்து முறை கூறும் இன்னொரு பெயர். இப்படி ஒன்பது படி. ஒரு கிலோபைட்கூட இல்லாத கோப்பு 100 கோடிச் சொற்களாக, சுமார் 3 ஜிகாபைட்டாக நினைவகத்தில் விரியும். ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்பது இதன் பெயர். இன்னொரு வகை என்டிட்டி, சர்வருக்குள் இருக்கும் கோப்பின் பெயரைச் சொல்லி அதன் உள்ளடக்கத்தை வெளியே எடுத்துவிடும். 2017-இல் இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட பத்துப் பெரும் ஆபத்துகளில் இது நான்காவது.

தேவையில்லாத இடத்தில் டாக்டைப்பையே ஏற்காமல் நிராகரிப்பது நல்ல காப்பு. ஜாவாவின் எக்ஸ்.எம்.எல். பார்சரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. பைத்தானுக்கு ‘டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல்’ நூலகம் இருக்கிறது. எஸ்.வி.ஜி. படமும் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் எக்ஸ்.எம்.எல். தான். பயனர்கள் பதிவேற்றும் படத்தையும் விண்ணப்பத்தையும் திறக்கும் நிரலிலும் இந்தத் தடையைப் போட்டு வைக்க வேண்டும்.