வயலுக்கு ஏற்ற வெல்டிங் இயந்திரம் எது? 'பல்ஸ் மிக்' தேவைதானா?

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூவுக்குத் தொளி கலக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் பவர் டில்லரின் கேஜ் வீலில் ஒரு பட்டை விட்டுப்போனால் உழவு நின்றுவிடும். வெல்டிங் பட்டறையிலோ அப்போதுதான் கூட்டம் அதிகம். கால்வாயில் முறைத் தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது. எனவே சிறு பழுதுகளை வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்ள, சொந்தமாக ஓர் இயந்திரம் வாங்க விவசாயிகள் பலர் விரும்புகிறார்கள். கடைகளில் இன்று 'பல்ஸ் மிக்' என்ற புதுவகை இயந்திரமும் விற்கப்படுகிறது. விலை அதிகமான இது சிறு விவசாயிக்குத் தேவையா என்பதை வாங்கும் முன் ஆராய வேண்டும்.

மூன்று முறைகள்

முதலாவது, ராடு வெல்டிங். ராடின் மேல்பூச்சு எரிந்து புகையும் கசடும் உண்டாகி, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. தனியாக வாயு வேண்டியதில்லை.

இரண்டாவது, மிக் வெல்டிங். இதில் சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் காப்பு வாயு, உருகிய இரும்பைச் சூழ்ந்து நிற்கும். வேலை விரைவாக முடியும். கசடு தட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பல்ஸ் மிக். இதில் மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு துளி உலோகம் விழும்படி இது அமைக்கப்பட்டுள்ளது. சூடு குறைவு, தெறிப்பும் குறைவு. மெல்லிய தகடு, அலுமினியம், எவர்சில்வர் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் கேஜ் வீல், கலப்பைச் சட்டம், வண்டிச் சட்டம், கேட் ஆகியவை 3 முதல் 8 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்பு. இவற்றுக்குப் பல்ஸ் வசதி இல்லாமலே உறுதியான பற்றவைப்பு கிடைக்கும்.

காப்பு வாயுவைத் தேர்ந்தெடுத்தல்

சாதாரண இரும்புக்குக் கரியமில வாயு போதும். விலை குறைவு, பற்றவைப்பு ஆழமாக இறங்கும், தெறிப்பு மட்டும் சற்று அதிகம். 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு கரியமில வாயுவும் கொண்ட கலவையில் தெறிப்பு குறையும், வரி அழகாக விழும், செலவு கூடும். அலுமினியத்துக்குச் சுத்தமான ஆர்கான் மட்டுமே ஏற்றது.

இங்கு ஒன்றை முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும். இரும்பில் பல்ஸ் முறை பயன்தர, வாயுவில் ஏறத்தாழ 80 சதவீதமாவது ஆர்கான் இருக்க வேண்டும். தனிக் கரியமில வாயுவில் துளிகள் ஒழுங்காகப் பிரிந்து விழுவதில்லை. விலை கொடுத்துப் பல்ஸ் இயந்திரம் வாங்கிவிட்டுக் கரியமில வாயுவை இணைத்தால், அந்தக் கூடுதல் பணம் வீண்.

கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், தீரும் தறுவாய் வரை அழுத்தமானியின் முள் பெரிதாக இறங்காது. ஆகவே எடை போட்டே வாங்க வேண்டும். ஒரு கிலோ வாயு ஏறத்தாழ 540 லிட்டராக விரியும். நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் விட்டால் 45 நிமிடம் பற்றவைக்கலாம். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதுமானது. அளவுக்கு மீறித் திறந்தால் வாயு சுழன்று, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும்.

ஆரல்வாய்மொழிக் காற்று

நம் மாவட்டத்தில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காலத்தில் வீசும் காற்றின் வேகம், முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் காப்பு வாயு கலைந்துபோக அவ்வளவு காற்று வேண்டியதில்லை. மர இலை சலசலக்கும் காற்றே போதும். அப்போது பற்றவைப்பு தேன்கூடுபோல் துளை விழுந்து, சுமை ஏறியதும் உடைந்துவிடும்.

வரப்போரத்தில் பற்றவைக்க ராடு வெல்டிங்கே நம்பகமானது. 'வாயு வேண்டாக் கம்பி' எனப்படும், உள்ளே மருந்து அடைத்த கம்பியையும் பயன்படுத்தலாம். இதற்கு இயந்திரத்தின் முனைகளை மாற்ற வேண்டும். சாதாரண மிக் கம்பிக்குத் துப்பாக்கி நேர்முனையில் இருக்கும். இந்தக் கம்பிக்கு எதிர்முனையில் இருக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

பழுதுபார்ப்பு மட்டும் என்றால் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ராடு இயந்திரம் போதும். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியரும் வைக்கலாம். '200 ஆம்பியர், 60 சதவீதம்' என்று பெயர்த்தகட்டில் இருந்தால், அந்த அளவில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே ஓட்டலாம் என்று பொருள்.

வேலை அதிகமுள்ளவர்கள், ராடு, வாயுக் கம்பி, வாயு வேண்டாக் கம்பி மூன்றுக்கும் பொருந்தும் மிக் இயந்திரத்தை நான்கைந்து பேராகச் சேர்ந்து வாங்கலாம். பல்ஸ் மிக், கூலிக்கு எவர்சில்வர், அலுமினிய வேலை எடுத்துச் செய்யும் பட்டறைக்கே கட்டுப்படியாகும். இதைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவில் சேரலாம். திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் பயிற்சி அளிக்கிறது.

கடற்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவும். ராடுகளை மூடியுள்ள டப்பாவில் வைக்கவும்.

கவனிக்க வேண்டியவை

1. டீசல் டாங்கி, பூச்சிமருந்து டிரம் ஆகியவற்றில் காலியாக இருந்தாலும் பற்றவைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

2. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும் முன் பூச்சைத் தேய்த்து நீக்கவும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும்.

3. மூடிய அறையில் காப்பு வாயு தேங்கினால் மூச்சு முட்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டவும்.

4. டிராக்டரில் பற்றவைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றவும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டவும். இல்லையேல் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.

5. பம்புசெட்டுக்கான விவசாய மின் இணைப்பில் வெல்டிங் செய்யக் கூடாது. 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. தண்டம் கட்ட நேரிடும். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய இணைப்பைப் பெறவும்.

6. ஈரக் கையோடும் ஈரத் தரையிலும் வேலை செய்யக் கூடாது. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் இது மிகவும் முக்கியம்.

7. தென்னை ஏறும் கருவியில் விரிசல் கண்டால் வீட்டில் பற்றவைத்துப் பயன்படுத்த வேண்டாம். அந்த ஒரு பற்றவைப்பில்தான் மரம் ஏறுபவரின் உயிர் தொங்குகிறது. அந்தப் பாகத்தைப் புதிதாக மாற்றவும்.

இயந்திரம் வாங்கும் முன், சென்ற இரண்டு பூவிலும் எத்தனை முறை பட்டறைக்குப் போனோம், எத்தனை நாள் உழவு நின்றது, எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், தேவைக்கு மேல் செலவிடாமல் ஏற்ற இயந்திரத்தை வாங்கிப் பயன்பெறலாம்.