உங்களுக்குத் தெரியுமா? பூட்டிக்கொண்ட தாடை

● ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் கவலையில்லை. வளர்ந்தவர்களின் வாய் பொதுவாக 35 முதல் 50 மி.மீ. வரை திறக்கும். தாடை மூட்டு மண்டையோட்டோடு எலும்பாகவே ஒட்டிப்போனவர்களில் பலருக்கு ஒரு விரல்கூட நுழையாது. பல் இடுக்கு வழியாகக் கஞ்சியும் பாலும் உறிஞ்சியே வளரும் குழந்தைகள் உண்டு.

● இந்த ஒட்டுதலுக்கு முதல் காரணம் அடி. குழந்தை முகவாய் தரையில் மோத விழுகிறது. முகவாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடியின் வேகமோ தாடை எலும்பு வழியே ஏறிக் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டைத் தாக்கியிருக்கும். உள்ளே கசிந்த ரத்தம் உறைந்து, நாராகி, கடைசியில் எலும்பாகிவிடுகிறது. இரண்டாவது காரணம் காதுச் சீழ். நடுக்காதிலிருந்து தொற்று பக்கத்து மூட்டுக்குத் தாவும்.

● ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் முகமே ஆளை ஏமாற்றும். கெட்டுப்போன பக்கம் கொழுகொழுவென்றும், நல்ல பக்கம் தட்டையாகவும் தெரியும். பார்ப்பவர்கள் நல்ல பக்கத்தைத்தான் குறை சொல்வார்கள். முகவாய் கெட்ட பக்கமாகக் கோணியிருப்பதுதான் சரியான அடையாளம்.

● இரண்டு பக்கமும் ஒட்டினால் கீழ்த்தாடை வளராமல் உள்வாங்கி, நாக்குக்குப் பின்னால் மூச்சுப் பாதை குறுகிவிடும். பிள்ளை குறட்டை விட்டால் 'அசந்து தூங்குகிறான்' என்று மகிழ வேண்டாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதோ என்று பாருங்கள்.

● ஒட்டிய மூட்டைப் பிரிக்கும் அறுவையில் கத்தி எடுப்பவரைவிட மயக்கம் கொடுப்பவருக்கே முதல் சோதனை. வாயே திறக்காதபோது மூச்சுக்குழலுக்குள் குழாயை எப்படி விடுவது? 1967இல் லண்டன் மயக்க மருத்துவர் பீட்டர் மர்ஃபி, பித்தநாளத்தைப் பார்க்க வைத்திருந்த வளையும் ஒளிக்குழாயை ஒரு மூட்டுவாத நோயாளியின் மூக்கு வழியே செலுத்திக் குழாயை உள்ளே இறக்கினார். இன்று பெரிய மருத்துவமனைகளில் கையாளும் முறை அதன் வழி வந்ததே. அந்தக் கருவி இல்லாத இடங்களில் கழுத்தில் துளையிட வேண்டியும் வரலாம்.

● காதுக்கு முன்னால் கீறித்தான் மூட்டை அடைகிறார்கள். அங்கே புருவத்தை உயர்த்தும் நரம்பின் கிளை ஓடுகிறது. காதுத் துளைக்கு முன்னால் 8 முதல் 35 மி.மீ. தூரத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம் என்று அல்-காயத், பிராம்லி இருவரும் 1979இல் அளந்து சொன்னார்கள். மூட்டுக்கு உட்புறமோ பெரிய ரத்தக்குழாய். கொஞ்சம் பிசகினாலும் ரத்தம் பீறிடும்.

● ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்தால் போதாது. இடைவெளியைச் சும்மா விட்டால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எலும்பு மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் நெற்றிப்பொட்டுத் தசையிலிருந்தோ அதன் மேலுறையிலிருந்தோ ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு நடுவே மெத்தையாக வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விலா எலும்பைக் குருத்தெலும்போடு எடுத்துப் புது மூட்டுமுனை செய்வதும் உண்டு. அது முகத்தோடு சேர்ந்து வளரும் என்பது நம்பிக்கை. சிலருக்கு அளவு மீறி வளர்ந்து, தாடையை மறுபக்கம் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

● செயற்கைப் பொருள் எல்லாம் வரம் அல்ல. 1980களில் அமெரிக்காவில் பலருக்குத் தாடை மூட்டில் வைத்த டெஃப்லான் தகடுகள் தூள்தூளாகிச் சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. 1990இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அடுத்த ஆண்டு அவை திரும்பப் பெறப்பட்டன. இன்று சி.டி. ஸ்கேன் பார்த்து ஆளுக்கு ஏற்பச் செய்யும் உலோக மூட்டுகள் வேறு ரகம். விலைதான் கையைக் கடிக்கும்.

● ஒட்டுதலின் தீவிரத்தை நான்கு வகையாகப் பிரித்தவர் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் சாஹ்னி. 70 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1986இல் எழுதினார். உலகெங்கும் இன்றும் அந்த வகைப்பாடு புழங்குகிறது.

● வாய் திறக்காத எல்லாருக்கும் மூட்டு ஒட்டியிருப்பதில்லை. பாக்கு, குட்கா மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நார்போல இறுகியும் வாய் பூட்டிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் வேறு. புற்றாக மாறும் அபாயமும் உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

● அறுவை முடிந்த சில நாட்களிலேயே வாய் திறக்கும் பயிற்சி தொடங்கிவிடும். மரக்குச்சிகளைப் பல்லிடுக்கில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாயை விரிக்க வேண்டும்; வலிக்கும், பிள்ளை அழும். மனம் பொறுக்காமல் பெற்றோர் விட்டுவிடுவதும் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ள முக்கியக் காரணம். மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், விடாமல் செய்தாக வேண்டும். என் கணக்கில் பாதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது.

● உங்கள் பிள்ளை முகவாய் அடிபட விழுந்தால் தையலோடு நிறுத்தாதீர்கள். தாடை மூட்டையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு அவ்வப்போது பிள்ளையின் விரல்களாலேயே அந்த மூன்று விரல் சோதனையைச் செய்து பாருங்கள். திறப்பு குறைந்துகொண்டே வந்தால் பல் மருத்துவமனையில் முகத்தாடை அறுவை நிபுணரை உடனே பாருங்கள்.