உஷார்! பளபளக்கும் பழைய காசு பர்ஸைக் காலி செய்துவிடும்

பழைய வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறீர்களா? பாட்டியின் பெட்டியில் கிடைத்ததை விற்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பணி ஓய்வு பெற்ற கையோடு நாணயம் சேர்க்க ஆரம்பித்தார். ஒருநாள் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1911-ம் வருட ரூபாய். மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசாங்கமே திரும்பப் பெற்ற காசு அது. 1912-ல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். அதனால்தான் 1911-க்கு இத்தனை கிராக்கி.

"சார், புழங்காத காசு. யு.என்.சி. கிரேடு. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார்" என்று அவசரப்படுத்தினான் விற்றவன். படத்தில் காசு பளபளவென்று மின்னியது. மனிதர் பணத்தை அனுப்பிவிட்டார்.

பிறகு அனுபவசாலி ஒருவரிடம் காட்டினார். அவர் காசை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பரப்பெங்கும் ஒரே திசையில் ஓடும் நூல் நூலான கீறல்கள். மன்னரின் காது மழுங்கிப் போயிருந்தது. "நல்லா தேய்ஞ்ச காசுங்க. பாலிஷ் போட்டுத் தள்ளிட்டாங்க" என்றார். விற்றவனின் போன் அன்றே ஸ்விட்ச் ஆஃப்!

தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பளபளப்பு வேறு, கிரேடு வேறு!

கிரேடு என்றால் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதன் மேற்பரப்பு எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்ற கணக்கு. அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் 1949-ல் வகுத்த 70 புள்ளி அளவுகோலை ஒட்டித்தான் இன்று பல நாடுகளில் தரம் போடுகிறார்கள். அதில் 60 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் புழங்காத காசு. ஒரே வருடம், ஒரே காசுதான். ஆனாலும் கிரேடு இறங்கினால் விலை பல மடங்கு விழும். ஏமாற்றுக்காரர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே விலகுங்கள்:

ஒளி நகரவில்லையா? புழங்காத காசை ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சுழற்றினால், ஒரு ஒளிக்கீற்று பரப்பின் மேல் சுற்றி வரும். பாலிஷ் போட்ட காசு எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி மின்னும்.

மேடு மழுங்கியிருக்கிறதா? காது, புருவம், கிரீடம் ஆகியவைதான் முதலில் தேயும். அவை தட்டையாக இருந்தால் 'யு.என்.சி.' என்பது பச்சைப் பொய்.

விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கிறதா? அது வளையம் வைத்துக் கழுத்தில் போட்ட காசு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் வார்த்த போலி.

எடை குறைகிறதா? 1911 ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை.

1911 என்று போட்டிருக்கிறது, யானையின் தும்பிக்கையோ நீளமாகத் தெரிகிறதா? வருடத்தைத் திருத்தியிருக்கிறார்கள்!

பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து வந்தாலும் நம்பிவிடாதீர்கள். பெட்டியிலும் போலி உண்டு. அதிலுள்ள எண்ணைத் தரம் போட்ட நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அங்கே இருக்கும் படமும் உங்கள் கையிலிருக்கும் காசும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

படத்தை மட்டும் பார்த்து "லட்சம் பெறும், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்கிறார்களா? போனை வையுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் இப்படிக் கறக்கிறார்கள். பழைய காசு விற்க வாங்க யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

அடுத்த ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்குகிறோமே, அதே கையோடு பழைய ரூபாயையும் துலக்கிவிடாதீர்கள்! புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். காலம் ஏறிய அந்தக் கறுப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒருமுறை தேய்த்தால் போதும், மேற்பரப்பு போயிற்று. எந்த நிபுணராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். மலிவான பி.வி.சி. உறையில் போடாதீர்கள். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரித்துவிடும்.

அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். இரண்டு பக்கமும், விளிம்பும், சாய்த்துத் திருப்பும் வீடியோவும் கேளுங்கள். தரத் தயங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகமா? வாங்காதீர்கள். அழுக்கா? தேய்க்காதீர்கள். வீட்டில் பழைய காசு வைத்திருக்கும் பெரியவர்களிடம் இன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.