கல்லிலிருந்து கணினிக்கு: மாணவர் கண்காட்சிக்கு ஒரு முன்னேற்பாடு

நம் சங்கத்துப் பிள்ளைகள் கணினியில் செய்த முப்பரிமாண உருவங்களைக் கண்காட்சியாக வைப்பது என்று முடிவானதும், "கல்லு, கல்வெட்டுன்னு அலையறவரு நயினார்தானே, அவரே பாத்துக்கட்டும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கணினி எனக்குப் பேரன் வழியாக வந்த கல்வி. அளவும் கணக்கும் கடை வழியாக வந்தவை.

விடுமுறையில் ஊர்ப்பக்கம் போனபோது பிள்ளைகள் படம் பிடித்துவந்தவை மூன்று: போளூர் அருகே திருமலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதர், செஞ்சி அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரு வரிசையாக உள்ள 24 தீர்த்தங்கரர்கள், சிரவணபெளகொளத்தில் சுமார் 57 அடி உயர கோமடேசுவரர்.

முறை எளிது. சிற்பத்தைப் பல கோணங்களிலிருந்து, ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு மூன்றில் இரண்டு பங்காவது பொருந்தும்படி எடுக்க வேண்டும். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள் பொதுப்புள்ளிகளைக் கண்டு உருவத்தைக் கூட்டித் தரும். உச்சிவெயில் ஆகாது, நிழலும் உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேகமூட்டமே நல்லது.

ஆனால் படத்துக்கு அளவு தெரியாது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்தவன் ஒரே ஒரு பையன்தான். அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பிலும் அலகு கிடையாது. மீட்டரில் செய்த நேமிநாதரை அச்சு இயந்திரம் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு, 5 மில்லிமீட்டருக்குள் அரிசி மணியாகக் காட்டியது! நல்லவேளை, திரையிலேயே பார்த்துவிட்டோம்.

அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் நேமிநாதர் 8 அங்குலம். வீட்டு அச்சு இயந்திரத்தில் அடங்குவார். கோமடேசுவரர் இருபத்தெட்டரை அங்குலம். நாலு துண்டாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். செலவைப் பார்த்து அவரைச் சிறிதாக்கலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே அளவு விகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தானே பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் புரியும்?

பெரிய வாக்குவாதம் வேறு. திருநாதர்குன்றில் மழுங்கிப்போன முகங்களுக்கு ஒரு பெண் கண்ணும் உதடும் திருத்தமாக வைத்திருந்தாள். வேலை அருமை. எடுக்கச் சொன்னேன். "மொட்டையா இருந்தா யாரு தாத்தா பாப்பாங்க?" என்று கேட்டாள். நியாயம்தான். ஆனால் மதுரைப் பக்கம் சமணர் குன்றுகள் கல் உடைப்பால் சேதப்பட்டதை நாம் பார்த்தோம். இருக்கிறதை இருக்கிறபடி எடுத்தால்தான் நாளைக்கு அது சாட்சி. பழஞ்சின்னங்களைக் கணினியில் காட்டுவது குறித்து 2006இல் வந்த லண்டன் சாசனமும் எது ஆதாரம், எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்கிறது. கோமடேசுவரரின் தலையுச்சி கீழிருந்து எடுத்த படங்களில் விழவேயில்லை, அங்கேயும் ஊகம்தான். ஆகவே ஊகித்த பாகம் எல்லாம் சாம்பல் நிறம். அவள் செய்த முகங்கள் திரையில் தனியாக, அவள் பேரோடு வரும். அரை மனசாகச் சம்மதித்தாள்.

அதே குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. அதைத் திரையில் காட்டி, சுட்டியால் வெளிச்சத்தைச் சாய்க்க வசதி செய்கிறோம். வெளிச்சம் பக்கவாட்டில் படப்பட, எழுத்து எழும்பி வரும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நம் பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் சமூகப் பெரியவர் ஒருவர், "பிளாஸ்டிக்கிலே பகவானா? முடிஞ்சப்புறம் எங்கே போடுவீங்க?" என்றார். பஞ்சகல்யாணப் பிரதிஷ்டை ஆகாத உருவம் பூசைக்கு உரியதல்ல, பாடத்துக்கு உரியது என்று சொன்னேன். இருந்தாலும் தரையில் வைக்கமாட்டோம். மேசை மார்பளவு உயரம். பஜ்ஜிக் கடை மண்டபத்தின் மறுகோடியில். முடிந்ததும் செய்த பிள்ளைகளே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். இந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும்.

விளக்க அட்டைகள் தமிழிலும் இந்தியிலும் தயாராகின்றன. பிழை பார்க்க இரண்டு பேர் தேவை.