கிட்டார் பயிற்சி பாட்டாக மாற...

கிட்டார் வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே கற்றுக் கொள்பவர்கள் இன்று பலர். ஆத்தூரில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள், தினமும் ஒரு மணி நேரம் ஸ்கேல், கார்டு எனப் பயிற்சி. ஒரு பொங்கல் விடுமுறையில் அக்கா மகள், "மாமா, ஒரு பாட்டு வாசிங்க" என்றாள். எனக்குத் தெரிந்ததை வேகமாக வாசித்தேன். "இது பாட்டு இல்லையே மாமா" என்று எழுந்து போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால், நான் வாசித்ததை நானே ஒரு நாளும் கேட்டதில்லை. கவனமெல்லாம் விரல்களில் இருந்தது. காதுக்கு வேலையே இல்லை. அந்த வேலையைக் கொடுக்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என முடிவு செய்தேன். எனக்கு உதவியது ஆடாசிட்டி. 2000 ஆம் ஆண்டில் வெளியான இந்த புரோகிராம் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கம்ப்யூட்டரில் உள்ள மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் போதும்.

முதலில் ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் தேர்ந்தெடுத்திடுங்கள். டெம்போவை 60 என அமைத்தால் நொடிக்கு ஒரு தட்டு கேட்கும். இதனை ஹெட்போனில் கேட்டபடி, ஷிப்ட் + ஆர் அழுத்தி, தனி ட்ராக்கில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்திடுங்கள். இரண்டு ட்ராக்குகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். தட்டுக்கு நேர் கீழே உங்கள் ஸ்வரம் விழுகிறதா என்று பாருங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பதிவாகும் ஒலி கம்ப்யூட்டருக்குள் சென்று சேரவே சிறிது நேரம் ஆகும். எனவே முதலில் ஹெட்போனை மைக் அருகே வைத்துத் தட்டுகளை மட்டும் பதிவு செய்து பாருங்கள். அதில் தெரியும் இடைவெளி கம்ப்யூட்டருடையது. அதைக் கழித்தது போக மீதிதான் நம்முடைய தவறு. என் பதிவில் எளிய இடங்களில் ஓடியிருந்தேன். சி கார்டிலிருந்து எப் கார்டுக்கு மாறும் போதெல்லாம் தடுமாறி நின்றிருந்தேன்.

அடுத்து, ஒரே ஒரு பாடலை எடுத்துக் கொள்ளுங்கள். நான் எடுத்தது 1982ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் "இளைய நிலா". பாடல் பைலைத் திறந்து, எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ சென்று, மைனஸ் 30 சதவீதம் கொடுத்தால், சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும். முழுப் பாடலும் வேண்டாம். நான்கு வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, லூப் முறையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கூடவே வாசியுங்கள். முதலில் வரியை வாயால் பாடுங்கள். பிறகு விரலுக்கு வாருங்கள். வாயில் வராதது கிட்டாரில் வராது என்பது என் அனுபவம்.

அந்தப் பாடலுக்கு இசையமைத்த இளையராஜாவின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றது அதற்குப் பிறகு, சென்னையில். முதலில் கேட்கும் மக்கள், அடுத்துதான் பாடம். நாம் பாடத்திலேயே நின்றுவிடுகிறோம்.

எனவே வாரம் ஒரு நாள் ரிதம் ட்ராக்கை நிறுத்திவிட்டு, வீட்டில் யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த விடுமுறையில் அக்கா மகள் வந்தபோது அந்த நான்கு வரிகளை வாசித்தேன். கூடவே பாடத் தொடங்கினாள். ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். நானும் கை நிறுத்திக் காத்திருந்தேன். ரிதம் ட்ராக் அப்படிக் காத்திருக்காது. அன்றுதான் முதன் முதலாகப் பாட்டு வாசித்தேன் என்று தோன்றியது.